அது தன்வினை அல்ல

ஊட்டிப் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் லேமினேட் செய்த அட்டை ஒன்றை நீட்டிக்கொண்டு டாக்சி ஓட்டுநர் வந்தார். அட்டையில் பதினான்கு இடங்கள். கார்டன், படகு இல்லம், தொட்டபெட்டா, டீ ஃபேக்டரி, பைன் ஃபாரஸ்ட் என்று போய்க் கடைசியில் டிரைபல் மியூசியம். "இது பாலாடா பக்கம் சார், தனியாப் போகணும். ஆனா பாத்துருங்க. அழிஞ்சுக்கிட்டு வர்ற ஜனங்க. பத்து வருசம் கழிச்சு வந்தீங்கன்னா பாக்கணும்னாலும் பாக்க முடியாது." ஆடித் தள்ளுபடிக்கு ஜவுளிக்கடை வாசலில் கூவுகிற குரல்தான் அது. ஸ்டாக் உள்ளவரை மட்டுமே.

அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இருபது வருடத்துக்கு முன் நானும் ஒரு வார இதழில் இதே சரக்கை விற்றிருக்கிறேன். 'மறையும் மந்துகள்' என்று தலைப்பு; மந்து என்றால் நீலகிரியின் தோடர் பழங்குடியினரின் குடியிருப்பு. தோடர்களின் பூவேலைப் போர்வையான பூத்துக்குளி போர்த்திய ஒரு பாட்டி, பின்னால் மூடுபனி என்று முழுப்பக்கப் படம். படம் எடுத்த அன்று அந்தப் பாட்டியின் பேத்தி நர்சிங் பரீட்சை எழுதக் கோயம்புத்தூர் போயிருந்தாள். அதை அங்கேயே, டீ கொடுத்துக்கொண்டே சொன்னார்கள். நான் எழுதவில்லை. எழுதினால் தலைப்பு கெட்டுவிடும்.

மலை ஏறிப்போய்ப் பழங்குடிப் பண்பாட்டுக் கூடம் எதையாவது பார்த்துவிட்டு வருகிற நம் எல்லோருக்கும் இந்தத் தலைப்புதான் மனதில் இருக்கிறது. பாடநூலில் இருக்கிறது, சுற்றுலாக் கையேட்டில் இருக்கிறது, பழங்குடிகள்மேல் உண்மையாகவே அக்கறை கொண்ட தோழர்களின் உரையிலும் இருக்கிறது: 'அழிந்து வரும் பண்பாட்டை அருங்காட்சியகமாவது காப்பாற்றி வைக்கட்டும்.' கேட்பதற்கு நல்லெண்ணம்போலத் தோன்றும். அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு பொய் இருக்கிறது. ஒன்று கணக்கில், மற்றொன்று இலக்கணத்தில்.

கணக்குப் பொய் சின்னது, அதை முதலில் முடித்துவிடலாம். 1901 மக்கள்தொகைக் கணக்கில் தோடர்கள் எண்ணூற்றுச் சொச்சம் பேர். 1930-களில் அறுநூறை ஒட்டி இறங்கினார்கள். 2011-இல் சுமார் 2000 பேர். ஒரு நூற்றாண்டில் இரண்டு மடங்குக்கும் மேல் கூடிய மக்களைப் பார்த்து, 'ஐயோ அழிகிறார்களே' என்று நாம் இன்னும் உச்சுக்கொட்டிக்கொண்டிருக்கிறோம்.

நடுவில் எண்ணிக்கை விழுந்ததற்கு மர்மமான காரணம் எதுவும் கிடையாது. 'நாகரிகத்தின் காற்றுப் பட்டால் ஆதி இனங்கள் வாடிவிடும்' என்று அக்காலத்து வெள்ளைக்காரர்கள் தத்துவம் பேசினார்கள். வாட்டியது காற்றல்ல, மலை ஏறி வந்தவர்கள் கொண்டுவந்த மேகநோய். அதனால் பிள்ளைப்பேறு இல்லாமல் போனது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பெனிசிலின் வந்தது. தோடர்களிலேயே முதலில் செவிலி ஆனவரான ஈவம் பில்ஜின் போன்றவர்கள் மந்து மந்தாக மருத்துவத்தைக் கொண்டுபோனார்கள். எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. ஊசி போட்டால் தீருகிற ஒரு நோய்க்கு நூறு வருடமாக இரங்கற்பா எழுதியிருக்கிறார்கள். அவர்கள் எழுதியதை நாம் தமிழில் பெயர்த்து வைத்துக்கொண்டிருக்கிறோம்.

அந்த இரங்கற்பாக்காரர்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. 1832-இல் ஹார்க்னஸ் என்ற படை அதிகாரி தோடர்களைப் பற்றிப் புத்தகம் போட்டார். விசித்திரமான ஆதி இனம் என்று அட்டையிலேயே போட்டார். 1873-இல் மார்ஷல் என்று இன்னொருவர். அவருடைய தகுதி மண்டையோட்டு அளவை. தலையைத் தடவிப் பார்த்தே குணத்தைச் சொல்லிவிடுகிற 'விஞ்ஞானம்' அது. ரோமர் வழி வந்தவர்கள், இஸ்ரவேலின் தொலைந்த கோத்திரம், சுமேரியர் என்று ஆளுக்கொரு கதை கட்டினார்கள். நீலகிரியில் இருக்கிறவர்கள் நீலகிரிக்காரர்கள் என்று மட்டும் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. சொன்னால் நிலம் யாருடையது என்ற கேள்வி வந்துவிடும்.

அங்கேதான் இரண்டாவது பொய் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை படித்திருப்போம். திருந்தினான், திருத்தினான். உருண்டது, உருட்டினான். அழிந்தது, அழித்தான். 'அழிந்து வரும் பண்பாடு' என்பது தன்வினை. தானாக அழிகிறது. வயதான மாமரம் பட்டுப்போவதைப்போல, ஐப்பசி மழையில் மண்சுவர் கரைவதைப்போல. யாரும் ஒன்றும் செய்யவில்லை, நாம் வேடிக்கை பார்க்கத்தான் வந்தோம். தமிழில் ஒரே ஓர் எழுத்தை மாற்றி 'அழித்து வரும்' என்று எழுதிப் பாருங்கள். உடனே யார், எப்போது, எதை என்று மூன்று கேள்வி வந்து நிற்கும். மூன்றுக்கும் பதில் இருக்கிறது, ஆண்டோடு இருக்கிறது.

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலை ஏறியது 1819. சில ஆண்டுகளில் அவர் கட்டிய கல் வீடு இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. அந்த நிலத்தை ஏக்கருக்கு ஒரு ரூபாய் வீதம் தோடர்களிடம் வாங்கினார் என்பார்கள். மலை தோடர்களுக்குச் சொந்தம் என்று மேலதிகாரிகளோடு வாதாடிய ஆள் அவர், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த ஒரு ரூபாயின் வழியாக நுழைந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. வெள்ளைக்காரன் 'ஊட்டகமண்ட்' என்று எழுதிய பெயரின் வாலில் தொங்கும் 'மண்ட்', மந்து என்ற சொல்தான். ஊரே மந்தின் பெயரில் இருக்கிறது. மந்தைப் பார்ப்பதற்கு மட்டும் பொட்டானிக்கல் கார்டனில் டிக்கெட் வாங்கிக்கொண்டு மேலே ஏறிப்போகிறோம்.

தோடர் வாழ்வு எருமையைச் சுற்றியது. எருமை புல்லைச் சுற்றியது. மேல்மலையின் பள்ளங்களில் சோலை, மேடுகளில் புல்வெளி, புல்வெளிக்கு நடுவே சதுப்பு. இதுதான் அந்த மலையின் உடல். இதைக் 'காலி இடம்' என்று அரசு ஏட்டில் எழுதிவைத்தார்கள். பிறகு எல்லாம் சுலபமாகிவிட்டது. காலி இடத்தில் யூகலிப்டஸ், வாட்டில், பைன் நட்டார்கள். முதலில் வெள்ளைக்காரர்களின் அடுப்புக்கு. விடுதலைக்குப் பிறகு இன்னும் வேகமாக, சிறுமுகை விஸ்கோஸ் ஆலையின் மரக்கூழுக்கு. காலி இடத்தில் தேயிலை, உருளைக்கிழங்கு, கோல்ஃப் மைதானம், ஃபிலிம் சுருள் தயாரிக்க இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ். காலிப் பள்ளத்தாக்கில் அணை. 1932-இல் பைக்காரா மின் திட்டம், 1938-இல் முக்குர்த்தி அணை, 1950-களிலிருந்து குந்தா திட்டத்தின் அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி என்று வரிசையாக நீர்த்தேக்கங்கள். இன்று அந்த ஏரிக்கரையில் நின்று செல்ஃபி எடுக்கிறோம், இயற்கையின் அழகு என்று போடுகிறோம்.

ஒன்றே ஒன்றை மட்டும் கிட்டே போய்ப் பார்க்கலாம். தோடர் கோயில் என்பது பால்மடம். அங்கே இருக்கும் பூசாரி பால் கறந்து, மோர் கடைந்து, நெய் எடுப்பதே பூசை. சொல்கிற மந்திரத்தில் பெரிய தத்துவ விளக்கம் ஒன்றும் கிடையாது. குன்றின் பெயர், ஓடையின் பெயர், தொழுவத்தின் பெயர், எருமையின் பெயர் என்று புனிதப் பெயர்களாக ஒன்றன்பின் ஒன்று வரும். மானிடவியலாளர் ரிவர்ஸ் 1906-இல் வெளியிட்ட பெரிய புத்தகத்தில் பக்கம் பக்கமாக இவற்றைக் குறித்து வைத்திருக்கிறார். அதாவது அவர்களுடைய பிரார்த்தனை ஒரு நில வரைபடம். இனி நினைத்துப் பாருங்கள்: ஓடை அணைக்குள் போய்விட்டது, குன்றில் வாட்டில் மூடிவிட்டது, எருமை மேய இடமில்லாமல் மந்தை குறைந்துவிட்டது. மந்திரம் இருக்கிறது. அது பெயர் சொல்லி அழைக்கிற இடங்கள்தான் எழுந்து வரவில்லை. இதைப் போய்ப் 'பண்பாடு அழிகிறது' என்கிறோம். வீட்டை இடித்துவிட்டு, வீட்டுக்காரனுக்கு முகவரி மறந்துபோச்சு என்கிற மாதிரி.

செத்தவர்களின் பாதையும் இதே கதைதான். தோடர் நம்பிக்கையில் இறந்தவர்களின் உலகம் மேற்கே இருக்கிறது. போகும் வழி முக்குர்த்திச் சிகரத்தை ஒட்டி. அந்தச் சிகரம் இப்போது தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் நாம் யாரும் உள்ளே காலெடுத்து வைக்க முடியாது. ஆவிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு என்று நம்புகிறேன்.

சரி, நிலம் போனது போனதுதான், எஞ்சிய பண்பாட்டையாவது கலப்படம் இல்லாமல் காப்போம் என்பது அடுத்த வாதம். ஜீன்ஸ் போட்ட தோடர் பையனைப் பார்த்தால் நம் ஆட்களுக்கு ஏமாற்றமாக இருக்கிறது. அரைவட்டக் கூரைக் குடிசைக்குப் பக்கத்தில் ஓட்டு வீடும் டிஷ் ஆண்டெனாவும் இருந்தால், ஃபோட்டோவில் அது விழாதபடி நகர்ந்து நிற்கிறோம். வேட்டி கட்டாத தமிழன் தமிழன் இல்லை என்று யாராவது நம்மிடம் சொன்னால் சண்டைக்குப் போவோம்.

இந்தத் தூய்மை வாதத்துக்குப் பூத்துக்குளியே பதில் சொல்லும். பார்த்தவர்களுக்குத் தெரியும்: வெள்ளைக் கெட்டித்துணி, சிவப்பும் கறுப்பும் நூல், இடையில் கோடு கோடாக வேலைப்பாடு. பென்சிலால் படம் வரைந்துகொண்டு தைப்பதில்லை. துணியின் ஊடும் பாவும்தான் கணக்கு; இத்தனை இழை தாண்டு, இத்தனை இழை எடு என்று விரலும் கண்ணும் எண்ணிக்கொண்டே போகும். ஊசி ஏறும் பக்கத்தைவிட, நூல் சற்றே புடைத்து நிற்கும் மறுபக்கம்தான் அவர்களுக்கு நேர்ப்பக்கம். நாம் கடையில் புரட்டிப் பார்த்து 'உள்பக்கம்' என்று நினைக்கிறதுதான் அவர்கள் உடுத்தும்போது வெளியே தெரிவது. இதைப் பார்த்துவிட்டு 'ஆதிகாலம் தொட்டு வரும் தூய கலை' என்று எழுதுகிறோம். தோடர்கள் துணி நெய்கிறவர்கள் அல்ல. துணி சமவெளியில் நெய்தது, நூல் சந்தையில் வாங்கியது. நூறு வருடம் முன்பும் அப்படித்தான். கடைத்தெருவிலிருந்து வந்த துணியைத் தங்களுடையதாக ஆக்கிக்கொண்ட அந்தச் சாமர்த்தியம்தான் பண்பாடு. ஜீன்ஸ் போட்ட பையனும் அதையேதான் செய்கிறான்.

மொழியும் அப்படியே. அமெரிக்க மொழியியலாளர் எமனோ 1930-களில் நீலகிரியில் தங்கி, தோடர் பாடல்களைக் கேட்டு எழுதினார். 1971-இல் பெரிய நூலாக வந்தது. அந்தப் பாட்டுகளைக் கட்டும் முறை விசேஷமானது. இணை இணையாக வரும் தொடர்கள் மரபிலேயே தயாராக இருக்கின்றன. எந்தச் சம்பவத்துக்கும் அந்த இடத்திலேயே பாட்டுக் கட்டலாம். அன்றைக்கு நடந்ததைப் பாடுவதற்காகவே உண்டான மரபு அது. அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து 'பழம்பாடல்' என்று சீட்டு ஒட்டினால், சுடச்சுட வந்த செய்தித்தாளைச் சட்டம் போட்டு மாட்டின மாதிரி.

தோடர்களையே பேசிக்கொண்டிருக்கிறேன் என்பதும் எனக்கு உறுத்துகிறது. அவர்கள் படத்துக்கு நன்றாக வருகிறவர்கள் என்பதால் எல்லோரும் அவர்களிடமே போய் நிற்கிறோம். தமிழ்நாட்டில் மிக நலிவுற்றவை என்று அரசு பிரித்துவைத்த ஆறு பழங்குடிகளும் நீலகிரியில் இருக்கிறார்கள்: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். தலைமுறை தலைமுறையாக வயலோடு சேர்த்துக் கைமாற்றப்பட்ட பணியர்களைப் பார்க்க யாரும் டாக்சி பேசுவதில்லை. அவர்களும் அழிந்துகொண்டு ஒன்றும் இல்லை. கூடலூரில் 1990-இல் தொடங்கிய அஸ்வினி மருத்துவமனையில் ஊசி போடுகிற, பிரசவம் பார்க்கிற, நிர்வாகக் குழுவில் உட்காருகிற ஆதிவாசிப் பெண்கள் இருக்கிறார்கள். அந்த மருத்துவமனை எந்த டூர் அட்டையிலும் இல்லை. இருக்கவும் வேண்டாம்.

கோத்தர் கதையை ஒரு நிமிடம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 'மரபைக் காப்பது' என்றால் யாருக்காகக் காப்பது என்பது அதில் தெரியும். கோத்தர்கள் கொல்லர், தச்சர், குயவர், வாத்தியக்காரர். எமனோவுக்குக் கோத்தர் மொழியைச் சொல்லிக்கொடுத்த சுள்ளி என்ற ஆசிரியர், தன் காலத்திலேயே குடுமியை வெட்டிக்கொண்டவர். அடுத்த சமூகத்தார் வீட்டுச் சாவுக்குப் போய் வாசிப்பது நமக்குக் கேவலம், நிறுத்துவோம் என்று தன் ஆட்களிடம் வாதாடியவர். ஊரில் பெரிய எதிர்ப்பு. ஆனால் காலப்போக்கில் அவர் சொன்ன திசையில்தான் ஊர் நடந்தது. தமிழ்நாட்டில் பறையைப் பற்றி நாம் கேட்ட அதே வாதம். மரபுக்காவலர் ஒருவர் அன்றைக்கு அங்கே இருந்திருந்தால், 'அரிய இசைச் சடங்கு அழிகிறது, சுள்ளியைத் தடுங்கள்' என்று எழுதியிருப்பார். தங்கள் சாமிக்கு, தங்கள் திருவிழாவுக்குக் கோத்தர்கள் இன்றும் வாசிக்கிறார்கள். யாருக்கு வாசிப்பது என்பதை மட்டும் தாங்களே முடிவு செய்துகொண்டார்கள்.

'நீங்கள் ரொமான்டிக்காகப் பேசுகிறீர்கள். ஒரு பெண்ணுக்குப் பல கணவர், கோயிலுக்குள் பெண்களை விடாமை, இதையெல்லாமும் கொண்டாடுவீர்களா?' என்பார்கள். கொண்டாடவில்லை. பல கணவர் முறையைக் கைவிட்டது அவர்களே. மிச்சத்தையும் அவர்களுக்குள் வாதாடிக்கொள்வார்கள். சபரிமலை வழக்கு நடந்த நாட்டிலிருந்து போய் மந்துக்குச் சீர்திருத்தம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அடுத்தது பணம். சுற்றுலா வந்தால்தானே நாலு காசு? இதை நான் ஒதுக்கிவிட மாட்டேன், பசிக்கு முன் தத்துவம் பேசக் கூடாது. ஆனால் அந்த நாலு காசு யார் பையில் விழுகிறது என்று பார்க்கலாமே. மே மாதக் கூட்டம் தாங்காமல் 2024-இல் உயர் நீதிமன்றம் இ-பாஸ் போடச் சொல்கிற அளவுக்கு மலைக்கு வண்டி ஏறுகிறது. அத்தனை வண்டியில் வந்தவர்களும் அறை எடுத்தது, சாப்பிட்டது, வர்க்கியும் சாக்லேட்டும் தைலமும் வாங்கியது எல்லாம் வேறு ஆட்களிடம். மந்தில் அவர்கள் செலவழித்தது நேரம் மட்டும்தான், அதுவும் மந்துக்காரர்களின் நேரம். தோடர் பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, நல்லது. ஒரு போர்வை முடிய வாரக்கணக்கில் கண்ணை ஊன்ற வேண்டும். கடைத்தெருவில் அதே டிசைனை மெஷின் நிமிடத்தில் அடித்துவிடும். போலியை எதிர்க்கச் சட்டம் உரிமை தருகிறது. வக்கீல் ஃபீஸ் தருவதில்லை.

இப்படியெல்லாம் சொன்னால், 'அப்படியென்றால் அருங்காட்சியகத்தை மூடச் சொல்கிறாயா?' என்பது கடைசிக் கேள்வி. இல்லை. பாலாடாவில் இருப்பது 1983-இல் அரசு தொடங்கிய பழங்குடியினர் ஆய்வு மையம். சேகரித்து வைப்பதும் ஆய்வு செய்வதும் வேண்டிய வேலைகள்தான். ரிவர்ஸ் எழுதிவைத்த வம்சாவளிகளும் எமனோவின் நோட்டுகளும் நாளைக்கு நில வழக்கிலோ மொழி வகுப்பிலோ அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கே உதவும். என் சண்டை கட்டடத்தோடு அல்ல, அங்கே பேசப்படும் இலக்கணத்தோடு. நம் நாட்டில் எந்தப் பழங்குடிக் கூடத்துக்குப் போனாலும் சுவர் படர்க்கையில்தான் பேசும். இவர்கள் தேன் எடுப்பார்கள், இவர்கள் எருமையை வணங்குவார்கள். இவர்கள், இவர்கள்.

சுவர் தன்மையில் பேசி நான் கேட்ட இடம் வேறு ஒரு மலை நகரம். கனடாவில், வான்கூவருக்கு வடக்கே, விஸ்லர். 2010 குளிர்கால ஒலிம்பிக்கின் பனிச்சறுக்குப் போட்டிகள் நடந்த ஊர். ஊட்டியைப்போலவே பணக்கார விடுமுறைக்காக எழும்பியது. அக்கா மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது கூட்டிப்போனார்கள். நெடுஞ்சாலைப் பெயர்ப்பலகையில் ஆங்கிலத்தோடு அங்குள்ள பழங்குடியான ஸ்குவாமிஷ் மக்களின் மொழியிலும் ஊர்ப்பெயர் இருந்தது. பெயரின் நடுவில் ஏழு என்ற எண். அச்சுப்பிழை என்று நினைத்தேன். தொண்டையை அடைத்துத் திறக்கும் ஓர் ஒலிக்கு அதுதான் எழுத்தாம்.

அங்கே இருக்கும் ஸ்குவாமிஷ் லில்வாட் பண்பாட்டு மையம் 2008-இல் திறந்தது. ஸ்குவாமிஷ், லில்வாட் என்ற இரண்டு பழங்குடி மக்களும் 2001-இல் தங்களுக்குள் ஓர் உடன்படிக்கை எழுதிக்கொண்டு, பிறகு சேர்ந்து கட்டியது. ஒரு பக்கம் ஸ்குவாமிஷ் நெடுவீட்டின் சாயல், இன்னொரு பக்கம் லில்வாட் மக்களின் குழிவீட்டுச் சாயல், நடுவே மலை தெரிகிற உயரமான கண்ணாடிச் சுவர். வாசலில் பறையடித்துப் பாடி வரவேற்றவர்கள் வேலைக்கு வைத்த நடிகர்கள் அல்ல. அந்த மக்களின் பிள்ளைகள். 'தூதர்' என்று அவர்களுக்குப் பதவிப் பெயர். பயணிக்கு வேடிக்கை காட்டுகிறவன் தூதன் ஆக மாட்டான், ஒரு நாட்டின் சார்பில் பேசுகிறவன்தான் தூதன். எங்களைச் சுற்றிக் காட்டிய பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். தேவதாருப் பட்டையை உரித்து நாராக்குவதைக் காட்டியபோதும், இரண்டு மக்களும் சேர்ந்து வாழ்ந்த ஊர் மலைச்சரிவில் புதைந்துபோன கதையைச் சொன்னபோதும், பாட்லாட்ச் என்ற கொடைவிழாவை அரசு 1880-களில் சட்டம் போட்டுத் தடுத்து 1951 வரை குற்றமாக வைத்திருந்ததைச் சொன்னபோதும், அவள் பேச்சில் வந்தது 'நாங்கள்'. ஆங்கிலத்தில் அந்த வேறுபாடு தெரியாது. தமிழ்க் காதுக்குத் தெரிந்தது. 'நாம்' அல்ல, 'நாங்கள்'. நான் அதில் சேர்த்தி இல்லை. சேர்க்காமல் விட்டது மரியாதையாகவே இருந்தது.

விஸ்லர் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. பனிச்சறுக்குச் சரிவுகள் இருப்பது ஒப்பந்தம் எழுதி வாங்காத அவர்கள் நிலத்தில்தான். மையத்தின் கடையில் வளையல் விற்கிறார்கள், உணவகத்தில் பானக் ரொட்டி விற்கிறார்கள், அதுவும் சுற்றுலாதான். கனடாவைப் புகழ எனக்கு இன்னொரு தயக்கமும் உண்டு: நம் குந்தா மின் திட்டத்துக்குக் கொழும்புத் திட்டத்தின் கீழ்ப் பணமும் இயந்திரமும் கொடுத்தது இதே கனடாதான். ஆனாலும் அந்த வீட்டில் எதைக் காட்டுவது, எதை மறைப்பது, எந்தப் பாட்டை விருந்தாளிக்குப் பாடுவது, எதைப் பாடாமல் இருப்பது என்று தீர்மானிப்பவர்கள் வீட்டுக்காரர்கள். விஸ்லரை ஊட்டியிலிருந்து பிரிப்பது இந்த ஒன்றுதான். 'அழிந்து வரும்' என்ற சொல்லை அங்கே எந்தச் சுவரிலும் நான் பார்க்கவில்லை. 'அழித்தார்கள்' என்பதை ஆண்டு போட்டு எழுதியிருந்தார்கள்.

நீலகிரியில் அப்படி ஒன்று வர முடியாதா? முடியும், ஆனால் முதல் அறையில் பூத்துக்குளி இருக்காது என்று நினைக்கிறேன். 1820-லும் இன்றும் புல்வெளி எங்கே இருந்தது என்று இரண்டு வரைபடங்கள் இருக்கும். அடுத்ததாகப் பட்டாக்கள். காட்டு நிலத்தில் பழங்குடிக்கு உரிமை உண்டு என்று 2006-இல் சட்டம் வந்தும், தமிழ்நாட்டில் நீதிமன்ற இடைக்கால உத்தரவால் 2016 வரை ஒரு பட்டா கொடுக்க முடியாமல் கிடந்த கதை. இதைப் பார்க்க டிக்கெட் விற்குமா என்றால் விற்காது. இந்த இரண்டு அறையையும் கட்ட யாருக்கும் மனம் வராததால்தான் மூன்றாவது அறையிலிருந்து தொடங்குகிறோம்: மாதிரிக் குடிசை, பொம்மை எருமை, மங்கலான விளக்கு.

அந்த மாதிரிக் குடிசை பற்றி ஒன்று. அசல் தோடர் கூரைக்கு எந்தப் புல்லும் ஆகாது. சதுப்பில் வளரும் ஒரு குறிப்பிட்ட புல் வேண்டும்; நம்மூர்த் தாவரவியலாளர் ரங்காச்சாரியின் பெயரை அறிவியல் பெயராகத் தாங்கி நிற்பது. நீலகிரியைத் தவிர வேறெங்கும் முளைக்காது. சதுப்பு போனால் அதுவும் போயிற்று. முத்தநாடு மந்தின் கூம்புக் கோயில் படம் ஒவ்வொரு வருடமும் பத்திரிகையில் வருகிறது. அந்தக் கூரையை வேய வேண்டிய ஆண்டில் ஆட்கள் இருக்கிறார்கள், வேயத் தெரிந்த கைகள் இருக்கின்றன, சடங்கு தெரிகிறது, நாள் குறிக்கத் தெரிகிறது. புல்லுக்குத்தான் இந்தச் சரிவு, அந்தச் சரிவு என்று மலை மலையாக அலைகிறார்கள். அயல் மரங்களை அகற்றுவது அரசின் கொள்கையாகவே 2022-இல் வந்துவிட்டது. வாட்டிலைப் பிடுங்கிய இடத்தில் புல் திரும்ப வருமா, எத்தனை ஆண்டில் வரும் என்று இனித்தான் பார்க்க வேண்டும்.

அன்றைக்கு மியூசியம் பார்த்து முடித்ததும் ஓட்டுநர் அட்டையை எடுத்து இன்னோர் இடத்தில் விரலை வைத்தார். "பைன் ஃபாரஸ்ட் சார். நேச்சர்னா அதான் நேச்சர்." தலைகுந்தாவில் வண்டியை நிறுத்தினார். வரிசை வரிசையாக, ஸ்கேல் வைத்து நட்டதைப்போல மரங்கள். ஸ்கேல் வைத்துத்தான் நட்டிருக்கிறார்கள். திருப்பூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் மரத்துக்கு மரம் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. கீழே தரை முழுக்கப் பழுப்பு ஊசியிலைகள், மெத்தைபோல, கணுக்கால் வரைக்கும். செருப்பால் கொஞ்சம் விலக்கிப் பார்த்தேன். ஒரு புல்கூட இல்லை.